விருந்தாளி

ராத்திரி முழுக்க என் வேலை
குளிரைக் காவல் காப்பது.
ரத்தப் பைகளுக்கு நாலு டிகிரி,
ஆறைத் தாண்டினால் அலாரம்.
பிளேட்லெட்டுக்கு மட்டும் இருபத்திரண்டு,
அதையும் தொட்டிலில் போட்டதுபோல
ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும்.
காலையில் மயூர் விஹார் மூன்றாம் ஃபேஸுக்கு
வந்து சேரும்போது
எனக்கு வேண்டியதெல்லாம்
ஒரு பக்கெட் நாற்பத்தைந்து.

மாடித் தொட்டியிலிருந்து
ஜனவரித் தண்ணீர் இறங்கும்போது
குழாய் ஒருமுறை இருமும்.
கீஸர் சுட இருபது நிமிஷம்.
அந்த இருபது நிமிஷத்தில்
கட்டில் விளிம்பில் சாய்ந்து
மத்தியானம் விழித்திருக்கிறேன்
பல தடவை, ஷூவோடு.

அதனால் வாங்கினேன்
வழியில் இருந்தே கீஸரை முடுக்கும் ஸ்விட்சை.
பொருத்த வந்தவர் ஃபுர்கான்.
குரங்குக் குல்லாய்க்குள் இரண்டு கண், பீடி வாசம்.
பழைய பிளக்கைக் கழற்றி
கருகிய துளையை என் மூக்கருகே நீட்டினார்.
"இத்தனை நாள் இதோடவா குளிச்சீங்க?"
பதினாறு ஆம்பியர், புது வயர், எர்த்.
விளக்கு சிமிட்டத் தொடங்கியது.

சிமிட்டியது.
சிமிட்டியது.
என் கைபேசியோடு பேசவே மாட்டேன் என்றது.
வைஃபையில் இரண்டு அலைவரிசையாம்,
அதற்குத் தெரிந்தது மெதுவானது மட்டுமாம்.
ரூட்டரைக் குளியலறை வாசல்வரை இழுத்துவந்து
மாப்பிள்ளையை மணையில் வைப்பதுபோல
முக்காலியில் உட்காரவைத்தோம்.
ம்ஹூம்.
கடைசியில் அவர் தன் கைபேசியை எடுத்தார்.
ஒரே தட்டு. பச்சை.

அப்படித்தான்
என் வீட்டுக்கு உரிமையாளர் ஃபுர்கான் ஆனார்.
நான் அழைக்கப்பட்ட விருந்தாளி.
வீட்டுக்குப் பெயர் கேட்டதாம்,
'மதராஸி மேடம்' என்று போட்டிருந்தார்.
அம்பாசமுத்திரத்துக்கும் மதராஸுக்கும்
அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் என்று
சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.
கருவிக்குப் பெயர் 'கீஸர் ஒன்று'.
இரண்டு எங்கே என்றேன்.
"வரும் மேடம்."

குரலாலும் சொல்லலாம் என்றார்.
"கீஸர் சாலூ கரோ" என்றேன்.
என் உச்சரிப்பில் அதற்கு 'கைஸே' கேட்டதுபோல.
நான் நலம், நீங்கள் எப்படி என்றது.
ஃபுர்கான் சிரித்து முடிக்கும்வரை
காத்திருந்தேன்.

உரிமையை மாற்றித் தரச் சொன்னதற்கு,
தங்கை கல்யாணம், புலந்த்ஷஹர் போகிறேன்,
வந்து செய்கிறேன் என்றார்.

போன வியாழன் மூடுபனி.
யமுனா பேங்கில் மெட்ரோ நின்றது நின்றபடி.
கைபேசியில் மூன்று சதவீதம், இரண்டு, கறுப்பு.
ஈ-ரிக்‌ஷாவில் பற்கள் தந்தியடிக்க
முகத்தை மட்டும் கழுவிப் படுப்பது என்று
முடிவோடு கதவைத் திறந்தேன்.

குளியலறையில் பச்சை விளக்கு.
குழாய் இருமிவிட்டு
ஆவி விட்டது.

குளித்தேன். முதலில் குளித்தேன்.
பிறகுதான் சார்ஜரில் போட்டுச் செயலியைத் திறந்தேன்.
கீஸர் ஒன்று. இயக்கியவர்: உரிமையாளர். 7:12.

நேரம் குறித்து வைத்ததென்றால்
ஏழு, ஏழேகால் என்று இருக்கும்.
ஏழு பன்னிரண்டு என்பது ஒரு விரல்.
கல்யாண வீட்டில், ரஜாய்க்குள்ளிருந்து.
பனியைப் பார்த்துத் தட்டியதா,
கைபேசியை ஏதாவது குழந்தை நோண்டியதா.
ஏழரைக்கு வருவேன் என்று
அன்றைக்கு நான்தான் சொன்னேன்.
எந்தெந்த நேரம் நான் வீட்டில் இல்லை என்பதும்
அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது.

திரும்பி வந்தார், லட்டு டப்பாவோடு.
உரிமை என் பெயருக்கு மாறியது.
முந்தைய உறுப்பினரை நீக்கவா என்று கேட்டது.
பிளக் சூடாகிறதா என்று
புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.
வியாழக்கிழமையை நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.
ஆம் என்று தட்டினேன்.

வீட்டுப் பெயரை மாற்றவும் இடமிருக்கிறது.
இரண்டு நாளாக யோசிக்கிறேன்.
இன்னும் மதராஸி மேடம்தான்
எனக்குத் தண்ணீர் சுடவைக்கிறாள்.